ஸ்டார்பக்ஸ விட்டுப் போன கஸ்டமர திரும்ப கூட்டிட்டு வரணும்னா எது வேலைக்கு ஆகும்: கூப்பனா, மெஷினா, ஆளா?

2024 ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் அமெரிக்கால இருக்க ஸ்டார்பக்ஸ் கடைங்கள்ல போட்ட பில்லு எண்ணிக்கை முந்தின வருஷத்த விட 10 சதவீதம் கம்மி. விலைய ஏத்தி வச்சிருந்ததால விற்பனைத் தொகையோட சரிவு 6 சதவீதத்தோட நின்னுச்சு, ஆனா வாசப்படி ஏறுற ஆளு குறைஞ்சுட்டாங்க, ஒரு காபிக்கடைக்கு அதுதான் பயப்பட வேண்டிய நம்பர். இதுல இருந்து மீள அந்த கம்பெனி முன்னாடி மூணு வழி இருந்துச்சு, மூணையுமே கொஞ்சம் கொஞ்சம் முயற்சி பண்ணியும் பாத்துட்டாங்க, அதனால கற்பனை பண்ணாம நடந்தத வச்சே ஒப்பிட முடியுது.

முதல்ல கூப்பன். லக்ஷ்மன் நரசிம்மன் சிஇஓவா இருந்த கடைசி மாசங்கள்ல ஆப்ல ஆஃபர் மேல ஆஃபர், காபியும் குரோசான்ட்டும் சேத்து 5 டாலர், காபியும் சாண்ட்விச்சும் 6 டாலர்னு காம்போ எல்லாம் போட்டாங்க. அப்புறம் வந்த ரிசல்ட்ல கம்பெனியே சொல்லிடுச்சு, அடிக்கடி ஆஃபர் குடுத்தும் கஸ்டமர் பழக்கம் மாறலன்னு. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல, ஏன்னா வராதவங்க விலைக்காக மட்டும் வராம இல்ல, காத்திருக்க முடியாம போனவங்க நிறைய பேர், ஆப்ல காபிய கார்ட்ல போட்டுட்டு வெயிட்டிங் டைம பாத்து ஆர்டர் பண்ணாம வெளிய போறாங்கன்னு நரசிம்மனே ஒத்துக்கிட்டாரு. அப்படி ஒரு கடைக்கு பாதி விலைன்னு கூட்டத்த கூப்பிட்டா வரிசை இன்னும் நீளும், அவ்ளோதான்.

அப்ப கூப்பன் எங்கயுமே வேலை செய்யாதான்னு கேட்டா, செய்யும், சைனால லக்கின்ங்கிற காபி கம்பெனி செஞ்சு காட்டிச்சு. அந்த கம்பெனி விற்பனைய பொய்யா காட்டி 2020ல மாட்டி அமெரிக்க பங்குச்சந்தை நாஸ்டாக்ல இருந்தே தூக்கி எறியப்பட்டது, இனி எழாதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ஆனா 2021ல தேங்காய் லாட்டே ஒண்ணு விட்டு பெரிய ஹிட்டாக்கி, 2023ல மாவ்டாய் சாராய கம்பெனியோட சேந்து ஒரு லாட்டே விட்டு முதல் நாளே 54 லட்சம் கப்புக்கு மேல வித்து, 9.9 யுவானுக்கு காபின்னு கூப்பன் குடுத்து, அதே வருஷம் சைனால கடை எண்ணிக்கைலயும் விற்பனைலயும் ஸ்டார்பக்ஸ முந்திடுச்சு. ஆனா லக்கின் கடை எப்படி இருக்குன்னு பாக்கணும், பெரும்பாலும் சின்ன இடம், ஆப்லயே ஆர்டர், வாங்கிட்டு போயிட்டே இருக்கணும், வாடகையும் ஆளும் கம்மி, அந்த விலைக்குன்னே கட்டுன கடை அது. 30 யுவான் ஒட்டி லாட்டே விக்கிற, சோபா போட்ட கடை அந்த விலைக்கு இறங்குனா வாடகை கட்ட முடியாது. கடைசில ஸ்டார்பக்ஸ் 2025 நவம்பர்ல சைனா கடை வியாபாரத்துல 60 சதவீதம் வரைக்கும் பங்க போயு கேபிட்டல்ங்கிற முதலீட்டு கம்பெனிக்கு குடுக்க ஒப்பந்தம் போட்டுடுச்சு.

ரெண்டாவது மெஷின். 2022ல ஸ்டார்பக்ஸ பெருசாக்குன பழைய சிஇஓ ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தற்காலிகமா திரும்ப வந்திருந்தப்போ சைரன்னு ஒரு புது கவுன்டர் அமைப்ப அறிவிச்சாங்க, ஐஸ், பால், பிளெண்டர் எல்லாம் கைக்கு எட்டுற மாதிரி, ஒரு டிரிங்க் போடுற நேரம் குறையும்னு. ஐடியா நல்ல ஐடியாதான், அத நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா மெஷின் வருதேன்னு கடைல ஆள குறைச்சிட்டாங்க, அங்கதான் எல்லாம் கெட்டுது. அமெரிக்கால பத்து ஆர்டர்ல மூணு ஆப் வழியா வருது, ஒவ்வொண்ணுலயும் சிரப் மாத்து, பால மாத்து, ஃபோம் சேருன்னு தனித்தனி கேட்டல், காலைல எட்டு மணிக்கு எல்லாம் ஒரே நேரத்துல குவியும்போது எந்த மெஷினும் அத தாங்காது, நேர்ல வந்து நிக்கிறவர் தன் கப்பு எப்ப வரும்னு தெரியாம நின்னுட்டே இருப்பாரு. புது சிஇஓ பிரையன் நிக்கல் 2025 ஏப்ரல்ல இத வெளிப்படையாவே சொன்னாரு, மெஷின் ஆளோட வேலைய ஈடு கட்டும்னு நினைச்சது சரியில்லன்னு. ஒரு பெரிய கம்பெனி தலைவர் முதலீட்டாளர்கள் முன்னாடி இப்படி சொல்றது அபூர்வம், அதுக்காகவே அவர் மேல எனக்கு மரியாதை.

மூணாவது வழி ஆளும் இடமும். இத 2008லயே ஒரு தடவ பண்ணியிருக்காங்க. ஷுல்ட்ஸ் அந்த வருஷம் ஜனவரில திரும்ப சிஇஓ ஆகி, பிப்ரவரி 26 சாயங்காலம் அமெரிக்கால சுமார் 7,100 கடைய மூடி எஸ்பிரெசோ எப்படி போடணும்னு ஊழியர்களுக்கு திரும்ப சொல்லிக்குடுத்தாரு, அப்புறம் 600 கடைய நிரந்தரமா மூடப்போறோம்னு அறிவிச்சாரு, ஆஸ்திரேலியால இருந்த 84 கடைல 61 போச்சு. வலிக்கிற வைத்தியம், வேலை போனவங்களுக்கு ரொம்பவே வலிச்சிருக்கும், ஆனா கம்பெனி நிமிந்துச்சு.

நிக்கல் 2024 செப்டம்பர்ல வந்து பண்ணது அதே பாதைதான், கொஞ்சம் மென்மையா. ஆஃபர குறைச்சாரு, மெனுவ குறைச்சாரு, பால் சர்க்கரை எடுத்துக்கிற மேடைய திரும்ப வெளிய வச்சாரு, உக்காந்து குடிக்கிறவங்களுக்கு பீங்கான் கப்புல காபி, சாதா காபி டீக்கு இலவச ரீஃபில். ஓட் பால் பாதாம் பாலுக்கு தனியா வாங்கிட்டிருந்த காச 2024 நவம்பர்ல நிறுத்துனாரு, இவர் பண்ணதுல எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். ஏன்னா இதுவும் விலைக்குறைப்புதான், ஆனா கூப்பன் தேட வேணாம், ஆப் வேணாம், ஒவ்வொரு தடவையும் வாங்கிட்டிருந்த ஒரு எரிச்சல் அப்படியே போயிடுச்சு. ஒரு வெள்ளிக்கிழமை பாதி விலை குடுத்தா அடுத்த வெள்ளி வரைக்கும் கஸ்டமர் காத்திருக்க கத்துக்குவான், இதுல அந்த பிரச்சனை கிடையாது.

முக்கியமானது அப்புறம்தான் வந்துச்சு, 2025ல கடைல ஆள் நேரத்துக்காக மட்டும் 50 கோடி டாலருக்கு மேல ஒதுக்குனாங்க, கூடவே எந்த ஆர்டர முன்னாடி போடணும்னு வரிசைப்படுத்துற சாஃப்ட்வேரும் கொண்டு வந்தாங்க, நாலு நிமிஷத்துல கப்பு கைக்கு வரணும்ங்கிறது இலக்கு. கவனிச்சா இங்கயும் டெக்னாலஜி இருக்கு, ஆனா ஆளுக்கு பதிலா இல்ல, ஆளுக்கு உதவியா.

சரி, ரிசல்ட்? கூப்பன் வழில பில்லு எண்ணிக்கை ஒவ்வொரு குவார்ட்டர்லயும், அதாவது மூணு மாசக் கணக்குலயும், முந்தின வருஷத்த விட குறைவாவே இருந்துச்சு. இந்த வழில ஒரு வருஷம் ஆச்சு, 2025 செப்டம்பரோட முடிஞ்ச குவார்ட்டர்ல உலக அளவுல பழைய கடைங்களோட விற்பனை 1 சதவீதம் கூடுச்சு, ஏழு குவார்ட்டர்ல முதல் தடவ, அமெரிக்கால ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. லாபம் அடிவாங்குச்சு, மெதுவாதான் பலன் தருது, பங்கு வச்சிருக்கவங்க பொறுமையா இருக்கணும், இந்த வழியோட பெரிய குறை அதுதான். இருந்தாலும் மூணுல என் ஓட்டு இதுக்குத்தான், வேற ரெண்டும் இதுக்கு கீழ வர்ற துணைக்கருவிங்க.

ஆனா இதுல பாதி வேலை இன்னும் பாக்கி இருக்கு. 2021 டிசம்பர்ல அமெரிக்காவோட பஃபலோ ஊர்ல ஒரு கடைல ஓட்டெடுப்புல ஜெயிச்ச ஊழியர் யூனியன் நூத்துக்கணக்கான கடைக்கு பரவிடுச்சு, 2025 நவம்பர்ல இலவசமா சிவப்பு கப் குடுக்கிற, ரொம்ப பிஸியான ரெட் கப் டே அன்னைக்கு ஸ்ட்ரைக் பண்ணாங்க, அவங்க கேக்குறதுல முக்கியமானது கடைல போதுமான ஆள், நிலையான வேலை நேரம், நல்ல சம்பளம். ஆள் பத்தலன்னு நிக்கலே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன தயக்கம்? கப்புல கஸ்டமர் பேரோட ரெண்டு வார்த்தை கையால எழுதிக்குடுன்னு ஊழியர கேக்குறாங்க, அத மனசார எழுதணும்னா அவங்க கேக்குறத முதல்ல உக்காந்து பேசி கையெழுத்து போடட்டும், நாற்காலியும் சோபாவும் அதுக்கப்புறம் வாங்கலாம்.