2025-26இல் லிவர்பூலின் முதல் 12 ஆட்டங்கள்: வெற்றிகளுக்குள்ளேயே இருந்த ஓட்டைகள்

ஆறு வெற்றி, ஆறு தோல்வி, சமநிலை ஒன்றுகூட இல்லை. அடித்த கோல் 18, வாங்கிய கோல் 20, புள்ளி 18. 2025 நவம்பர் 22இல் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டிடம் சொந்த மைதானமான அன்ஃபீல்டிலேயே 0-3 என்று தோற்ற பிறகு இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் லிவர்பூலின் கணக்கு இதுதான். 2024-25இல் 84 புள்ளிகளுடன் தனது 20ஆவது லீக் கிண்ணத்தைத் தூக்கிய அணி. அதன் பிறகு புது வீரர்களுக்காகச் சுமார் 450 மில்லியன் பவுண் கொட்டிய கழகம்.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சிவப்பு ஜேர்சி போடுகிறவர்களில் பலர் இந்தப் பருவகாலத்தை இரண்டாக வெட்டிப் பேசுகிறார்கள். முதல் ஐந்து ஆட்டம் நன்றாகப் போனது, பிறகு திடீரென்று எல்லாம் கவிழ்ந்தது என்கிறார்கள். அந்தப் பேச்சை ஏற்க முடியாது. கவிழ்ந்தது முடிவுகள் மட்டும்தான். ஆடிய விதம் ஒகஸ்டிலும் ஒக்டோபரிலும் ஏறக்குறைய ஒன்றே.

அந்த ஐந்து வெற்றிகளையும் நிமிடக் கணக்கில் பார்த்தாலே விளங்கும். போர்ன்மவுத்துக்கு எதிராக 2-0 முன்னிலை. எதிரணியின் செமென்யோ 64ஆவது, 76ஆவது நிமிடங்களில் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். அதில் இரண்டாவது, தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துத் தனியே ஓடி வந்து அடித்தது. 88ஆவது நிமிடத்தில் கியேசாவும் மேலதிக நேரத்தில் சலாஹும் அடித்ததால்தான் 4-2. நியூகாஸிலில் எதிரணி பத்துப் பேராகச் சுருங்கியும் 2-0 என்பது 2-2 ஆனது. 16 வயது ரியோ என்குமோஹா 90+10இல், அதாவது மேலதிக நேரத்தின் பத்தாவது நிமிடத்தில், அடித்து மீட்டார். ஆர்சனலை வீழ்த்தியது சொபொஸ்லாய் 83ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 30 மீற்றர் தூரத்திலிருந்து உதைத்த ஃப்ரீகிக். பேர்ன்லியை வீழ்த்தியது 90+5இல் கிடைத்த பெனால்டி. எவர்டனுடன் மட்டும் முதல் அரை மணித்தியாலத்தில் இரண்டு கோல் அடித்து வைத்திருந்தார்கள், அங்கும் 58ஆவது நிமிடத்தில் ஒன்று வாங்கி, மிச்ச நேரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசி நிமிடக் கோல்கள் மனத்திடத்துக்குச் சான்றுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்தில் நான்கு வெற்றி 83ஆவது நிமிடத்திலோ அதற்குப் பிறகோதான் தீர்மானமாகிறது என்றால், ஆட்டம் கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் பொருள். பிறகு வந்த தோல்விகளில் அதே நிமிடங்கள் எதிரணிக்குப் போயின. கிறிஸ்டல் பெலஸின் நிகெட்டியா 90+7, செல்சியின் எஸ்தெவாவ் 90+5, மான்செஸ்டர் யுனைட்டட்டின் மக்வயர் 84. யுனைட்டட் அன்ஃபீல்டில் வென்றது 2016 ஜனவரிக்குப் பிறகு அதுவே முதல் தடவை. அந்த வலி கொழும்பிலும் வாரக்கணக்கில் ஆறவில்லை.

எங்கே உடைந்தது என்று கேட்டால், முதலில் வலது பக்கம்.

சென்ற பருவத்தில் அந்தப் பக்கம் மூன்று பேரால் ஓடிய ஓர் இயந்திரம். பின்னால் ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னோல்ட் நிமிர்ந்து பார்த்து நீளப் பந்து போடுவார். முன்னால் சலாஹ் தற்காப்புக்கு முழுதாக இறங்காமல் மேலேயே நிற்பார், அதனால் பந்து கைமாறிய கணமே அவருக்கு முன்னால் வெளி இருக்கும். சலாஹ் இறங்காத கடனை நடுவிலிருந்து ஓடி வந்து அடைப்பவர் சொபொஸ்லாய். சலாஹ் அடித்த 29 லீக் கோலுக்கும் மற்றவர்கள் கோல் அடிக்கக் கொடுத்த 18 உதவிக்கும் அடியில் இருந்தது இந்த ஏற்பாடு.

2025 கோடையில் ட்ரென்ட் றியல் மட்ரிட்டுக்குப் போனார். அவருக்குப் பதிலாக வந்த ஃப்ரிம்பொங் முதல் லீக் ஆட்டத்திலேயே தசை உபாதையோடு வெளியேறினார். இன்னொரு வலது பின்கள வீரரான பிராட்லியும் முழு உடற்தகுதியில் இருக்கவில்லை. ஆகவே ஆர்சனலுக்கு எதிராகவும் பேர்ன்லிக்கு எதிராகவும் சொபொஸ்லாயே வலது பின்களத்துக்குப் போனார். செல்சியுடன் இடைவேளைக்குப் பிறகும் அதே கதை. அவர் அங்கே நன்றாகவே ஆடினார் என்பது உண்மை. ஆனால் ஓர் ஓட்டையை அடைக்க இன்னோர் ஓட்டையைத் திறந்தார்கள். நடுவில் ஓடி அடைக்கிற ஆள் இல்லை. சலாஹ் இறங்குவதும் இல்லை. எதிரணியின் இடது பக்கத்துக்கு இதைவிட நல்ல அழைப்பு வேண்டியதில்லை. செல்சியின் வெற்றி கோல் குக்குரேயா அந்தப் பக்கத்திலிருந்து தாழ்வாகக் கடத்திய பந்தில் வந்தது. மான்செஸ்டர் சிற்றியின் டொக்கு அந்தப் பக்கத்தில் செய்த அட்டகாசத்தை 3-0 தோல்வியில் எல்லோரும் பார்த்தோம்.

சலாஹின் வயதைக் குறை சொல்வது எளிது. 12 லீக் ஆட்டங்களில் நான்கு கோல், அதில் ஒன்று பெனால்டி, அவருடைய அளவுக்கு மிகக் குறைவுதான். ஆனால் பந்து அவரிடம் வரும் இடத்தையும் கவனியுங்கள். முன்பு ஆளில்லாத இடத்தில் ஓடிக்கொண்டு வாங்கினார். இந்த 12 ஆட்டங்களில் எல்லைக்கோட்டோடு ஒட்டி, நின்றபடி, இரண்டு பேருக்கு முன்னால் வாங்கினார். அந்த இடத்திலிருந்து 25 வயதிலும் அவர் 29 அடித்திருக்க மாட்டார்.

இரண்டாவது ஓட்டைதான் அதிகம் கோபம் வரவைக்கிறது, ஏனென்றால் இதைப் பயிற்சியில் திருத்தலாம். கோர்னர், நீளமான த்ரோ, தலைக்கு மேல் வரும் நீளப் பந்து. பெலஸின் முதல் கோல் கோர்னரில், வெற்றி கோல் நீள த்ரோவில். பிரென்ட்ஃபோர்டின் முதல் கோல் ஐந்தாவது நிமிடத்தில், அதுவும் நீள த்ரோ. மக்வயரின் தலையடி, கோர்னர் பந்தை அரைகுறையாக வெளியேற்றிய பிறகு திரும்பி வந்த பந்தில். ஃபொரஸ்டின் முரில்லோ அடித்ததும் கோர்னரில்.

நீள த்ரோவில் ஆபத்து முதல் தொடுகையில் இல்லை. எறிகிற பந்து கோலுக்கு நேரே வருவதில்லை. அருகிலுள்ள கம்பத்துப் பக்கம் நிற்கும் உயரமான ஆள் அதைத் தலையால் பின்னோக்கித் தட்டிவிடுவார். அந்தத் தட்டலுக்குப் பிறகு பந்து விழும் நாலைந்து மீற்றர் வட்டம்தான் கோல் விழும் இடம். ஆகவே தட்டுகிறவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், விழும் வட்டத்தில் பந்தையும் ஆளையும் ஒன்றாகப் பார்க்கிற இருவர், பெனால்டிப் பெட்டியின் விளிம்பில் வெளியேறும் பந்தைப் பொறுக்க ஒருவர் என்று ஐந்து பேருக்காவது வேலை பிரித்திருக்க வேண்டும். பிரென்ட்ஃபோர்டில் எறியப்பட்டது நீளமாக வரும் என்று ஊருக்கே தெரியும். தட்டல் நடந்தபோது லிவர்பூல் வீரர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிரென்ட்ஃபோர்டின் வட்டாரா ஆளில்லாத இடத்தில் காற்றிலேயே உதைத்தார். இது திறமைக் குறைவு இல்லை, ஒழுங்கில்லாமை.

எதிரணிகள் நீளப் பந்து போடுகின்றன, பின்னால் கூட்டமாக நிற்கின்றன என்று பயிற்றுவிப்பாளர் ஸ்லொட் அந்த வாரங்களில் சொல்லிவந்தார். சொன்னது சரி. ஆனால் சம்பியனுக்கு எதிராக வேறு எப்படி ஆடுவார்கள்? சென்ற பருவத்திலும் அப்படித்தான் ஆடினார்கள். அப்போது லூயிஸ் டியாஸ் முன்னாலிருந்தே ஓடித் துரத்தியதால் நீளப் பந்தும் குறி தவறி வந்தது. 13 லீக் கோல் அடித்த அவரை பயேர்னுக்கு விற்றார்கள். கோல்களை ஈடு செய்ய ஆள் வாங்கினார்கள். துரத்தலை ஈடு செய்ய வாங்கவில்லை.

மத்திய பின்களம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குவான்சாவை லெவர்குசனுக்கு விற்றார்கள். பெலஸின் மார்க் கேஹியை வாங்கும் பரிமாற்றம் செப்டெம்பர் 1, கடைசி நாளில் முறிந்தது. இளம் லியோனி தன் முதல் ஆட்டத்திலேயே, லீக் கிண்ணத்தில் சௌதாம்ப்டனுக்கு எதிராக, முழங்கால் தசைநார் கிழிந்து பருவத்தை இழந்தார். மிஞ்சியது வான் டைக், கொனாட்டே, அடிக்கடி உபாதைப்படும் கோமெஸ். மத்தியகள வீரரான கிராவென்பேர்க்கைப் பின்னால் இறக்கி ஆட்டத்தை முடிக்கும் நிலை செல்சியில் வந்தது. 450 மில்லியன் செலவழித்த கணக்கில் இந்த ஒரு வரி வெறுமையாக இருப்பதுதான் நிர்வாகத்தின் மிகப் பெரிய பிழை.

வாங்கியவர்களை ஒவ்வொருவராக எடை போடுவோம். எகிட்டிகே கொடுத்த காசுக்குப் பெறுமதி. பந்தை வாங்கித் திரும்புவது, பின்களத்தாரின் முதுகுப் பக்கம் ஓடுவது இரண்டும் தெரிந்தவர், முதல் ஆட்டத்திலிருந்தே அடித்தார். 125 மில்லியன் பவுணுக்கு வந்த இசாக், பருவத்துக்கு முந்திய பயிற்சியே இல்லாமல் செப்டெம்பரில் வந்து சேர்ந்தார், பிறகு தொடை இடுக்கில் உபாதை. இந்த 12 ஆட்டங்கள் முடியும்வரை லீக்கில் கோல் இல்லை. அவரைத் தோல்வி என்று எழுதுவது அவசரம். ஆனால் தயாராகாத ஆளை முக்கிய ஆட்டங்களில் இறக்கியது இன்னும் பெரிய அவசரம். கெர்கெஸ் தாக்கும்போது துடிப்பு, பந்து போன பிறகு நிலையில் இல்லை. பிரென்ட்ஃபோர்டில் அவர் ஒரு கோல் அடித்தார், என்றாலும் இடது பின்களத்தில் றொபர்ட்சன் நின்ற ஆட்டங்களே அமைதியாகப் போயின.

விர்ட்ஸ் கடினமான விடயம். 100 மில்லியன், மேலதிகக் கொடுப்பனவுடன் 116 வரை போகக்கூடிய விலை. அவருக்கும் அதுவரை லீக்கில் கோல் இல்லை. பந்து காலில் இருக்கும்போது அவர் காணும் இடைவெளியை அணியில் வேறு யாரும் காண்பதில்லை, பிராங்ஃபேர்ட்டில் 5-1 வெற்றியில் இரண்டு கோலுக்கு வழி செய்தார். சிக்கல் அவரை நடுவில், முன்கள வீரருக்குச் சற்றுப் பின்னாலுள்ள பத்தாம் எண் இடத்தில் வைக்கும்போது. அங்கு அவர் வந்தால் சென்ற ஆண்டின் மூன்று பேர் மத்தியகளம் உடைகிறது, கிராவென்பேர்க்கும் மக் அலிஸ்டரும் இருவராக முழு அகலத்தையும் ஓட வேண்டிவருகிறது. இடது பக்கத்திலிருந்து உள்ளே வரவிட்டால் இந்தச் சேதம் குறையும்.

நவம்பர் 1இல் அஸ்டன் வில்லாவை 2-0, 4ஆம் திகதி றியல் மட்ரிட்டை 1-0 என வென்றபோது ஸ்லொட் செய்தது புதுமை எதுவுமில்லை. பழைய மூவரை நடுவில் திருப்பி வைத்தார், இடதில் றொபர்ட்சன், வலதில் பிராட்லி. இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோலும் வாங்கவில்லை. முன்னால் கோடி பெறும் ஆட்களைக் கூட்டுவதைவிட நடுவில் சொபொஸ்லாயை நிறுத்துவது இந்த அணிக்கு அதிகம் தருகிறது. பிறகு வந்த சிற்றி, ஃபொரஸ்ட் தோல்விகள் அந்த மருந்து மட்டும் போதாது என்றும் காட்டின. கோர்னர் தற்காப்பு திருந்தாமல் எந்த மத்தியகளமும் காப்பாற்றாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2025 ஜூலை 3இல் லிவர்பூல் வீரர் டியோகோ ஜொட்டா தன் சகோதரர் அந்த்ரேயோடு ஸ்பெயினில் வீதி விபத்தில் இறந்தார். அவர் அணிந்த 20ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று கழகம் அதற்கு ஓய்வு கொடுத்தது. உடைமாற்றும் அறையில் ஒரு நண்பனை இழந்த மனிதர்கள் ஐந்தாறு வாரத்தில் பருவகாலத்தைத் தொடங்கினார்கள். அதைப் புள்ளியாக மாற்றி எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆட்டத்தைக் கடுமையாக விமர்சிக்கலாம். வீரர்களுக்கு மனமில்லை என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

10க்கு மதிப்பிடச் சொன்னால் முன்களம் 5, மத்தியகளம் 6, பின்களம் 3, கோல் காப்பு 7. அலிசன் உபாதைப்பட்ட பிறகு வந்த மமர்டாஷ்விலி இழந்த கோல்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர் பொறுப்பில்லை.

கழகம் 2025 ஒகஸ்டிலிருந்து அடிடாஸுக்கு மாறியதால் புறக்கோட்டையில் புது ஜேர்சி குவிந்து கிடந்தது. பெயர் போட்டு வாங்க நினைத்தவர்களுக்கு அந்த நவம்பர் நிலவரப்படி சொபொஸ்லாயின் 8ஐயோ எகிட்டிகேயின் 22ஐயோதான் சொல்லியிருப்பேன். இந்த இரண்டு பேரும்தான் ஒவ்வொரு வாரமும் அந்தச் சட்டைக்கு நியாயம் செய்தார்கள்.

ஒக்டோபர் கடைசியில் இங்கிலாந்து கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவதால் இலங்கையில் நமக்கு எல்லா ஆட்டமும் ஒரு மணித்தியாலம் பிந்திவிடும். சனி மாலை 7.30 ஆட்டம் 8.30, இரவு 10 மணி ஆட்டம் 11, நள்ளிரவு 12.30 ஆட்டம் 1.30. மார்ச் கடைசி வரை இதே நேரம். 1.30 ஆட்டத்துக்கு விழித்திருந்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் நள்ளிரவு 12.15க்கு, ஆட்டத்துக்கு 75 நிமிடம் முன்பு வெளியாகும் அணிப் பட்டியலைப் பாருங்கள். சொபொஸ்லாய் நடுவில் இருந்தால் விழித்திருக்கலாம். சொபொஸ்லாய் வலது பின்களத்தில் என்றால் படுத்துவிட்டுக் காலையில் சுருக்கத் தொகுப்பைப் பார்ப்பதே உடம்புக்கு நல்லது.