இதய நோயாளி வீட்டுக்கு ஓம்ரான் ஹெச்இஎம்-7120 பிபி மெஷின் போதுமா?

நான்கு ஏஏ பேட்டரி, மேல்கையில் சுற்றும் பட்டை, அழுத்த ஒரு பட்டன். ப்ளூடூத் கிடையாது, தேவையும் இல்லை. பிபிக்கு மட்டும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த மெஷின் தாராளம். ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் வாங்கினால் அதன் திரையை அப்படியே நம்பக் கூடாது.

மேல் எண் 135 அல்லது கீழ் எண் 85-ஐத் தொட்டால்தான் உயர் அழுத்த அடையாளம் காட்டும். இதய நோய் உள்ளவர்களுக்கு அமெரிக்க வழிகாட்டல் (2017) வைக்கும் இலக்கோ 130/80-க்குக் கீழே. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2024-ல், உடம்பு தாங்கினால் மேல் எண்ணை 120–129-க்குள் கொண்டுவரச் சொல்கிறது. ஆக 133/83 வந்தால் மெஷின் பேசாமல் இருக்கும், இலக்கு தவறியிருக்கும்.

எண் அதிகமாகக் குறைந்தாலும் கவனிக்க வேண்டியது நீங்கள்தான். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும் நேரத்தில்தான் போகிறது. அப்போதைய அழுத்தம்தான் கீழ் எண். இதய ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு அது 60-க்குக் கீழே போனால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கூட வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. கைக்கானது. வாங்கும் முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே டேப் வைத்து அளந்துவிடுங்கள். 34 செ.மீ. கையில் இதைச் சுற்றினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இல்லாத பிபிக்கு மாத்திரை ஏறும். பருமனான கை என்றால் பெரிய பட்டையோடு வரும் மாடலைக் கேளுங்கள். மணிக்கட்டு மெஷின் இதற்கு மாற்று இல்லை.

பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு செ.மீ. மேலே, வெறும் தோலில் இருக்கட்டும். கையை மேசையில் வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி உட்காருங்கள். கை அதற்குப் பத்து செ.மீ. கீழே தொங்கினாலே ஏழெட்டுப் புள்ளி கூடிவிடும். 130 இலக்குக்காரருக்கு மருந்தைக் கூட்டுவதா வேண்டாமா என்பதையே மாற்றும் வித்தியாசம் அது. முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், கால் மேல் கால் கூடாது, வாய் திறக்கக் கூடாது. காபி, சிகரெட் முடிந்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகே பட்டன். முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள். எதில் கூடுதலோ, இனி அந்தக் கை. டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையைத் தொடவே கூடாது.

ஒரே ரீடிங்கை வைத்து இலக்கைப் பேச முடியாது. காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு, இரவில் இரண்டு, நடுவே ஒரு நிமிட இடைவெளி, ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். எல்லாம் நோட்டில் இருக்கட்டும். டாக்டர் ஒரு நிமிடத்தில் புரட்டிவிடுவார்.

துடிப்பு ஒழுங்கில்லை என்ற குறி அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கையை அசைத்தாலும் இந்தக் குறி வரும், ஒரு தடவைக்குப் பதற வேண்டாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) ஏற்கெனவே இருந்தால் ஒவ்வொரு ரீடிங்கும் தாவும்; மூன்று எடுத்துச் சராசரி போடுங்கள்.

மாத்திரை மாற்றிய வாரம் இன்னொரு சோதனையும் செய்யலாம். உட்கார்ந்து பார்த்ததும் எழுந்து நின்று, ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்தில் பட்டனை அழுத்துங்கள். அப்போதும் பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பக்கத்தில் நிற்பவர் கையைத் தாங்கிப் பிடிக்கட்டும். மேல் எண் இருபது இறங்கினாலோ தலை சுற்றினாலோ அன்றே டாக்டருக்குப் போன் போடுங்கள்.