எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கால்குலேட்டர்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில், தமிழ் பேசும் கடைக்காரரிடம் மகளுக்காக வாங்கிய இந்தக் கால்குலேட்டர், பத்து இலக்கம் வரையுள்ள எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒன்பதால் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகளைத் தரும் 12345679-க்கு, 37 × 333667 என்று உடனே விடை வருகிறது. கணித மேதை ஃபெர்மா, பகா எண் என்று கருதிய 4294967297-ஐ, அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டிக் கிடைப்பதை, உள்ளிட்டபோது, இன்னொரு கணித மேதையான ஆய்லர் 1732-இல் அதன் காரணியாகக் கண்டறிந்த 641 சரியாகவே வந்தது. ஆனால் மூன்று இலக்கத்துக்கு மேற்பட்ட பகா எண்களால் இக்கருவி வகுத்துப் பார்ப்பதில்லை என்பதால், எஞ்சிய 6700417 அடைப்புக்குறிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதுவும் பகா எண்தான் என்பதை நாமாகத்தான் அறிந்துகொள்ள வேண்டும். கையேட்டின் பொடியெழுத்தில் ஒளிந்திருக்கும் இந்த வரம்பை எந்தக் கடைக்காரர் சொல்லப்போகிறார்! பொத்தான்கள் சற்று இறுக்கம், திரை தெளிவு.