டார்த் வேடரை மன்னிக்க யாருக்கு உரிமை?

ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1983-இல் வெளிவந்த மூன்றாம் படத்தின் கடைசிப் பகுதி எனக்கு ஏறத்தாழ மனப்பாடம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் அது முதலில் அப்பா வாங்கி வைத்த வீடியோ நாடாவாக இருந்தது. பிறகு டிவிடி, புளூரே என்று மாறி, இன்று ஸ்ட்ரீமிங்கில் ஓடுகிறது. வடிவம் எத்தனை மாறினாலும் அக்காவுக்கும் எனக்கும் இடையிலான வழக்கு மட்டும் தீரவில்லை: டார்த் வேடர் உண்மையில் திருந்தினானா, திருந்தினால் மட்டும் போதுமா? இந்தக் கதையோடு இவ்வளவு காலம் பழகிய பிறகு என் தீர்ப்பு இது. வில்லன் திருந்த முடியும். அதை இந்தப் படங்கள் நம்பும்படி காட்டியிருக்கின்றன. ஆனால் திருந்தியவன் மறுநாள் காலை யார் முகத்தில் விழிப்பான் என்ற கேள்வி எழும் முன்பே அவனைச் சாகடித்துவிடுகின்றன.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேடர் பேரரசரின் வலக்கை. 1977-இல் வந்த முதல் படத்தில் இளவரசி லேயாவைச் சித்திரவதை செய்கிறான். அவள் பிறந்த மண்ணாக நேசித்த அல்டெரான் கோள் வெடித்துச் சிதறும்போது அவளை அசையவிடாமல் பிடித்து நிற்கிறான். ஆணையிட்டவன் பேரரசின் ஆளுநர் டார்கின்தான், ஆனால் அவள் தோளில் இருந்த கை வேடருடையது. 1980 படத்தில் லேயாவின் காதலன் ஹான் சோலோவை வதைத்து உறைய வைக்கிறான், கதாநாயகன் லூக்கின் கையை வெட்டுகிறான், வெட்டிய பிறகுதான் நான் உன் தந்தை என்கிறான். மூன்றாம் படத்தில், பேரரசர் மின்னல் பாய்ச்சி லூக்கைச் சிறுகச் சிறுகக் கொல்லும்போது, அந்தப் பேரரசரையே தூக்கி ஆழத்தில் வீசி மகனைக் காப்பாற்றுகிறான். அதில் தானும் மடிகிறான்.

அந்த வீச்சுக்கு முந்தைய சில நொடிகள்தாம் முழுப் படத்தின் உயிர். பழைய நாடாவில் வேடர் எதுவும் பேசுவதில்லை. கறுப்பு முகமூடி மகனைப் பார்க்கிறது, பேரரசரைப் பார்க்கிறது, மீண்டும் மகனைப் பார்க்கிறது. முகமே இல்லாத ஒருவனின் உள்ளே நடக்கும் போராட்டத்தை நாமே உணர்ந்துகொள்கிறோம். 2011 புளூரே பதிப்பில் அந்த இடத்தில் ‘வேண்டாம்’ என்று அவன் கத்துவதாகக் குரல் சேர்த்துவிட்டார்கள். இன்று ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பதும் அதுவே. இதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. திருந்தும் மனிதன் தன்னோடு போராடுகிறான், அறிவிப்புச் செய்வதில்லை. பழைய நாடா யார் வீட்டிலாவது இருந்தால், இந்த ஒரு காட்சிக்காகவே ஒருமுறை அதில் பாருங்கள். 2004 டிவிடியில் இன்னொரு மாற்றம்: இறுதியில் ஆவியாகத் தோன்றும் வயதான தந்தையை, நடிகர் செபாஸ்டியன் ஷாவை, எடுத்துவிட்டு இளைஞரான நடிகர் ஹேடன் கிறிஸ்டென்சனை வைத்தார்கள். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. திருந்தியவன் அந்த வயதானவன். இளைஞன் இன்னும் பாவத்தைத் தொடங்கிக்கொண்டிருந்தவன்.

எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதும் தீர்ப்பை மாற்றும். வெளிவந்த வரிசையில் பார்த்தால் வேடர் முதலில் ஒரு பயங்கரம், பிறகு ஒரு தந்தை, அதன் பிறகே 1999 முதல் 2005 வரை வந்த படங்களில், வேடராக மாறும் முன் இருந்த அனகின் என்ற சிறுவன். கதைக் காலத்தின்படி பார்த்தால் 1983 படத்துக்கு வருவதற்குள், பாலைவனக் குடியிருப்பில் பெண்களையும் பிள்ளைகளையும் அவன் வெட்டியதும், ஜெடாய் என்ற வீரத் துறவிகளின் ஆலயத்தில் ஒளிந்திருந்த குழந்தைகள் முன் வாளோடு நின்றதும் கண்ணைவிட்டு அகலாமல் இருக்கும். அக்கா மகன் படிவம் இரண்டில் படிக்கிறான். அவனுக்குக் காலவரிசையில் காட்டினோம். பேரரசர் வீழ்ந்தபோது எங்களைப் போல அவன் கைதட்டவில்லை. “மாமா, அந்தப் பிள்ளைகளைப் பற்றி யாருமே பேசவில்லையே?” என்று கேட்டான். முதல்முறை பார்ப்பவர்களுக்கு வெளிவந்த வரிசையையே பரிந்துரைக்கிறேன். ஆனால் இரண்டாம் முறை கட்டாயம் காலவரிசையில் பாருங்கள். அப்போதுதான் கேள்வியின் முழுப் பாரமும் தெரியும்.

போர் முடிந்த இரவில் லூக் தனியாக நின்று தந்தையின் கவசத்துக்குத் தீ வைக்கிறான். தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. மகன் கொள்ளி வைக்கிறான். அப்பன் குடித்தழித்தவனாக இருந்தாலும் வீட்டைவிட்டு ஓடிப்போனவனாக இருந்தாலும், கடைசிக் கடனைச் செய்ய வரும் மகன்களைப் பினாங்கில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறோம். அது மகனின் கடமை, மகனின் அன்பு. ஊர் மன்னித்துவிட்டது என்பதற்கு அது சான்று ஆகாது. லூக்கை நான் முழு மனத்தோடு மதிக்கிறேன். ஆனால் அல்டெரான் மக்கள் சார்பில் கையெழுத்திட அவனுக்கு உரிமை இல்லை.

அந்த உரிமை இருந்தவள் லேயா, லூக்கோடு இரட்டையராகப் பிறந்த வேடரின் மகள். சாகும் தறுவாயில் வேடர் அவளுக்குத்தான் செய்தி சொல்லி அனுப்புகிறான்: என்னைப் பற்றி நீ நினைத்தது சரி என்று உன் தங்கையிடம் சொல் என்கிறான். லூக் அதைச் சொன்னானா, கேட்டு அவள் என்ன சொன்னாள்? படம் காட்டுவதில்லை. வேடரும் லூக்கின் இரு குருமார்களும் ஆவிகளாகத் தோன்றும்போது லூக் மட்டுமே பார்க்கிறான். லேயா வந்து அவனைக் கொண்டாட்டத்துக்கு அழைத்துப் போகிறாள். அக்காவின் கட்சி முழுவதும் இதில்தான் நிற்கிறது. “வதைபட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்ன மன்னிப்பு?” என்பார். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. 2016-இல் வந்த பிளட்லைன் என்ற நாவலில், வேடரின் மகள் என்ற உண்மை வெளியானதும் லேயாவின் அரசியல் வாழ்வே சரிகிறது. அப்பன் திருந்திச் செத்தான், விலையை மகள் கட்டினாள்.

2019-இல் வேடரின் பேரன் கைலோ ரெனுக்கும் இதே முடிவைத்தான் கொடுத்தார்கள். தன் தந்தை ஹான் சோலோவைக் கொன்றவன், கடைசியில் ரே என்ற நாயகிக்குத் தன் உயிரைக் கொடுத்துவிட்டு மறைந்துபோகிறான். நடிப்பு நன்று. ஆனாலும் அந்தத் திருந்தலை எட்டிப் பிடிக்க எனக்கு நேரம் போதவில்லை.

நம் கதையில் இது வேறு விதமாக நடக்கிறது. கந்தபுராணத்தில் சூரபதுமன் முருகனின் பேருருவைக் கண்டு ஒருகணம் தெளிகிறான், வணங்க நினைக்கிறான், மறுபடியும் ஆணவம் மூடிக்கொள்கிறது. மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளக்கிறது. பிளவுகள் சேவலும் மயிலுமாகப் பாய்ந்து வருகின்றன. முருகன் அவற்றைக் கொடியாகவும் ஊர்தியாகவும் ஏற்றுக்கொள்கிறான். ஒவ்வொரு கந்த சஷ்டியிலும் இதைக் கேட்கும்போது, சிறையிலிருந்து மீண்ட தேவர்களைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். தங்களை அடைத்து வைத்தவன் இனி எந்நாளும் அவர்கள் கண்முன் சுமை தாங்கி நிற்பான். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் காவடிகளில் மயிலிறகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும். பகைவன் ஒழிக்கப்படவில்லை; பணி கொடுக்கப்பட்டவனாக இருக்கிறான். வேடருக்கு நான் கேட்பதும் இதுதான்.

அதற்கு மிக அருகில் வந்தது திரைப்படம் அல்ல; 2014 முதல் 2018 வரை வந்த ரெபெல்ஸ் என்ற அனிமேஷன் தொடர். அதில் கல்லஸ் என்ற பேரரசு அதிகாரி, லாசட் இனத்தவரின் லாசன் கோளை அழித்ததில் தனக்குப் பங்கு உண்டு என்று பெருமை பேசுபவன். பிழைத்த லாசட் வீரன் செப்போடு ஒரு பனி நிலவில் சிக்கிக்கொள்கிறான். காலொடிந்து கிடந்தவனை செப் விட்டுவிட்டுப் போகவில்லை. செப்பை அழைத்துப் போக அவன் நண்பர்கள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறார்கள். கல்லஸ் தன் கப்பலுக்குத் திரும்பியபோது மேலதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செப் கொடுத்த வெம்மையான கல்லை அலமாரியில் வைத்துவிட்டுத் தனியே உட்கார்ந்திருக்கிறான். அவன் மாறத் தொடங்கியதற்கு எனக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பிறகு உயிரைப் பணயம் வைத்துப் புரட்சிப் படைக்கு உளவு சொல்கிறான், பிடிபடுகிறான், தப்புகிறான், அவர்களோடு சேர்ந்து போரிடுகிறான். எல்லாம் முடிந்தபின் செப் அவனை லாசட் மக்கள் வாழும் வேறொரு கோளுக்கு அழைத்துப் போகிறான். தான் அழித்துவிட்டதாக நம்பிய இனம் உயிரோடு இருப்பதைக் கல்லஸ் காண்கிறான்.

வேடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தொடரை அவசியம் பார்க்க வேண்டும். சிறுவர் தொடர் என்று ஒதுக்குவது பெரிய இழப்பு. அக்காவும் முழுவதையும் உட்கார்ந்து பார்த்தார். கல்லஸைப் பற்றி அவருக்கு இருக்கும் குறை ஒன்றுதான், எனக்கும் அதே குறை: லாசட் மக்கள் அவனைத் தங்களில் ஒருவனாக ஏற்றார்கள் என்பதைக் கதை சொல்லும் குரல் ஓரிரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. அந்தக் கோளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு கிழவி இருந்திருப்பாள். அவள் அவனிடம் என்ன கேட்டாள், அவன் என்ன பதில் சொன்னான் என்பதற்குத் தனியாக ஓர் அத்தியாயமே கொடுத்திருக்க வேண்டும்.