நானோ வி.என்.ஏ.வும் டேப் யாகியும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஹாம் ரேடியோ ஆண்டெனாவில் கோளாறு பார்க்க நானோ வி.என்.ஏ.வை (ஆண்டெனாவையும் கேபிளையும் அளக்கும் கையடக்கக் கருவி) சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். தாராளமாக வாங்கலாம். ஆனால் அதில் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம், 1:1 என்றால் எதுவும் திரும்பவில்லை) குறைவாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஆண்டெனா நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

காரணம் கேபிள். ஆண்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளில் ஒரு வழிக்கு 3 டெசிபல், அதாவது பாதி சக்தி, இழப்பு இருந்தால், மேலே ஆண்டெனாவையே கழற்றிவிட்டாலும் கீழே 3:1 தான் காட்டும். போகும்போது பாதி, திரும்பும்போது மிச்சத்தில் பாதி என்று சக்தி வழியிலேயே சூடாகித் தீர்ந்துவிடுகிறது, கருவிக்குத் திரும்பி வருவது கால்வாசிதான். கனெக்டர் வழியாகத் தண்ணீர் இறங்கிய கேபிள் இதனால்தான் ஏமாற்றும்: எஸ்.டபிள்யூ.ஆர். முன்பைவிட அழகாகத் தெரியும், திரையில் அதன் வளைவு தட்டையாகிவிடும், ஆனால் எதிர்முனையில் யாருக்கும் நம் குரல் சரியாகக் கேட்காது. எனவே மேல்முனையை ஷார்ட் செய்து ரிட்டர்ன் லாஸை (அனுப்பிய சக்தி திரும்பி வரும்போது எத்தனை டெசிபல் குறைந்திருக்கிறது என்பதை) பாருங்கள், அதில் பாதிதான் ஒரு வழி இழப்பு. எனக்கு இந்தக் கருவியால் கிடைத்த மிகப் பெரிய பயன் இந்த ஒரு சோதனைதான்.

கேபிளைக் கையால் பிடித்தால் வளைவு நகர்கிறதா? அப்படியென்றால் கேபிளின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் ஓடுகிறது. அதைத் தடுக்க ஆண்டெனா இணைப்புக்கு அருகில் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் கேபிளைச் சில சுற்று சுற்றிவிட்டு, அப்புறம் கம்பியின் நீளத்தை வெட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.

அதிர்வெண் வரம்பை மாற்றினால் ஓபன், ஷார்ட், 50 ஓம் லோட் மூன்றையும் வைத்து மறுபடி காலிபரேட் செய்துவிடுவது (கருவியின் அளவைச் சரிப்படுத்துவது) நல்லது. கேபிளில் பழுது எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று பார்க்கும்போது வெலாசிட்டி ஃபேக்டரை (கேபிளில் சிக்னலின் வேகம் ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பதை) சரியாகக் கொடுக்க வேண்டும், திட பாலிஎத்திலீன் கேபிளுக்கு 0.66. குறை என்றால் வெயிலில் திரை தெரியவே தெரியாது. இன்னொன்று, நீளமான கம்பியில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் கருவியின் உள்ளே இருப்பதைச் சுட்டுவிடலாம், அதனால் செருகுவதற்கு முன் கேபிளின் நடுக்கம்பியையும் உறையையும் ஒரு முறை தொடவிட்டு எடுங்கள். பக்கத்தில் யாரும் டிரான்ஸ்மிட் செய்யாமல் இருப்பதும் முக்கியம்.

சரி, அடுத்தது டேப் யாகி: ஒலிபரப்பு எங்கிருந்து வருகிறது என்று தேட அளவு டேப்பை வெட்டிச் செய்த மூன்று எலிமெண்ட் யாகி (ஒரே திசையை நோக்கிக் கூர்மையாகக் கேட்கும் ஆண்டெனா), 2 மீட்டர் பட்டைக்கு. புதர்களில் மாட்டினாலும் வளைந்து நிமிர்ந்துகொள்ளும், இத்தனை காலத்தில் உடையவே இல்லை. தூரத்தில் இருக்கும்போது திசை சுலபமாகக் கிடைக்கும், நெருங்கியதும் மீட்டர் எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுதாக நிற்கும். அப்போது சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வேண்டும். அது இல்லையென்றால் 145 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பை அதன் மூன்றாம் ஹார்மோனிக்கான (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் கூடவே கசியும் சிக்னல்) 435-இல் கேட்டுப் பாருங்கள், அங்கே சிக்னல் மிக மெல்லியதாக இருப்பதால் பக்கத்தில் போனால்தான் கேட்கும். கட்டடங்களுக்கு நடுவே உச்ச சிக்னல் வரும் திசை வெறும் எதிரொலியாக இருக்கக்கூடும், எனவே திறந்த மேட்டில் இரண்டு மூன்று இடங்களில் திசை எடுத்து வரைபடத்தில் கோடு போட்ட பிறகே உள்ளே நுழைகிறேன்.