கிரிகிரி: தானே பூட்டும், ஆனால் கையை விட முடியாது

பெட்ஸல் நிறுவனத்தின் கிரிகிரி 1991-இல் வந்தது. சுவரோ பாறையோ ஏறுபவர் விழுந்தால், கீழே நின்று கயிறு பிடிப்பவர் அவரைத் தாங்க உதவும் கருவி இது. இப்போதைய மாடல் 175 கிராம் எடை, 8.5 முதல் 11 மி.மீ. வரையுள்ள ஒற்றைக் கயிற்றுக்கானது. உள்ளரங்க ஏறுசுவர்களுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஏறுபவர் விழுந்தால் உள்ளேயிருக்கும் கேம் என்ற சுழலும் துண்டு திரும்பி கயிற்றை நெரித்துவிடும்.

முதல் ஆபத்து, கயிற்றைத் தலைகீழாகக் கோர்ப்பது. அப்படிக் கோர்த்தால் பூட்டாது. கருவியின் மேல் பொறித்திருக்கும் ஆள் படத்தின் பக்கம் ஏறுபவரின் கயிறு, கைப் படத்தின் பக்கம் பிரேக் கயிறு, அதாவது நீங்கள் கையில் பிடிக்கும் பகுதி. கருவியை மூடி, அதை இடுப்புப் பட்டையில் மாட்டும் கொக்கியான காராபினரைப் பூட்டியபின் ஏறுபவரின் பக்கக் கயிற்றை வெடுக்கென இழுத்துப் பாருங்கள். சட்டென்று நிற்க வேண்டும். இரண்டு நொடி வேலை, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால்.

அடுத்தது கட்டைவிரல். பஞ்சு பஞ்சாகப் பிரிந்த பழைய கயிறு எளிதில் ஓடாது. அதனால் பலர் கேமை அழுத்தியபடியே நிற்கிறார்கள். அந்த நேரத்தில் விழுந்தால் கேம் சுழலவே இடமில்லை. கயிறு தரும் கணத்தில் மட்டும் அழுத்துங்கள், மற்ற விரல்கள் பிரேக் கயிற்றிலேயே இருக்கட்டும்.

இறக்கும்போது வேகத்தைத் தீர்மானிப்பது பிரேக் கயிற்றைப் பிடித்த கைதான், கயிற்றை விடுவிக்கும் நெம்புகோல் அல்ல. பதற்றத்தில் நெம்புகோலை முழுக்க இழுப்பவர்களுக்கு கிரிகிரி பிளஸ் என்ற மாடல் மேல். அளவுக்கு மீறி இழுத்தால் அதுவே நிறுத்திவிடும். இடக்கைக்காரர்களுக்குத்தான் பாவம், வடிவமைப்பே வலக்கைக்கு.