பாரிமுனை அத்தோ: முதலில் சூப்பைக் குடித்துப் பாருங்கள்

சென்னைப் பாரிமுனைக்கு அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கலவையைச் சாப்பிடப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, தட்டு கைக்கு வருவதற்கு முன்பே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பை வாங்கி ஒரு வாய் குடித்துவிடுங்கள் என்பதுதான். நான் போகும் கடைகளில் அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. கேட்டால் இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவார்கள். சும்மா கிடைப்பதாலேயே பலரும் அதைப் பொருட்படுத்தாமல் பாதியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் ஒரு கடைக்காரர் தம் தொழிலை எவ்வளவு அக்கறையோடு செய்கிறார் என்பது அந்தக் கிண்ணத்தில்தான் தெரியும். தண்டை நார் எடுத்து நறுக்கியிருக்கிறாரா, பூண்டைப் பதமாக வதக்கியிருக்கிறாரா, மாவு கரைத்து விட்டதும் போதுமான நேரம் கொதிக்க விட்டாரா என்பதையெல்லாம் அந்த ஒரு வாயே சொல்லிவிடும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், வியாசர்பாடியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெரியவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியப்பா என்றே அழைப்போம். ரங்கூனில் பிறந்து, ஒன்பது வயதில், 1964ஆம் ஆண்டு பெற்றோருடன் கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர். பர்மாவில் 1962 மார்ச்சில் நே வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமையாகின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. கையிருப்பையும் கடையையும் ஒருசேர இழந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த ஆண்டுகளில் கூட்டம் கூட்டமாகத் தாயகம் திரும்பின. அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1969இல் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் ஏற்பட்டது. பொருள் எதையும் கொண்டுவர முடியாமல் வந்தவர்கள், கைப்பழக்கத்தில் இருந்த சமையலை மட்டும் கொண்டுவந்து இங்கே விற்றார்கள்.

அத்தோ கடைகள் இருக்கும் இடம் ராஜாஜி சாலைக்குப் பின்னால் இணையாக ஓடும் செகண்ட் லைன் பீச். கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் சில நிமிட நடை. மெட்ரோவில் வருகிறவர்கள் மண்ணடியிலோ உயர் நீதிமன்ற நிலையத்திலோ இறங்கி நடக்கலாம். பகலில் வங்கிகளுக்கும் கப்பல் முகவர் அலுவலகங்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் உரிய தெரு அது. மாலையில் அவர்கள் கடையடைத்துக் கிளம்பும் நேரத்தில்தான் அத்தோ வண்டிகளைச் சுற்றி ஆள் சேரத் தொடங்கும். ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் போவதே நல்லது. அதற்கு முன்னால் போனால் சூப்பு இன்னும் சேர்ந்து வந்திருக்காது. மிகவும் தாமதித்தால் அடிச்சட்டியில் தண்ணீர் கலந்து ஒப்பேற்றுவார்கள்.

நான் முதன்முதலில் போனது கல்லூரி நாட்களில், தனியாக. ஒரு வண்டியில் கேட்டு வாங்கிய தட்டு ஆறிப்போயிருந்தது. நூடுல்ஸ் என்றால் இரும்புச் சட்டியில் புகை பறக்க வதக்கித் தருவது என்று பழகியிருந்த எனக்கு அது பழையதை எடுத்துக் கொடுத்ததுபோல் பட்டது, பாதியிலேயே எறிந்துவிட்டேன். அதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அடுத்த வாரமே என்னை அழைத்துக்கொண்டு போய், ஒரு கையில் கிண்ணத்தையும் மறு கையில் தட்டையும் கொடுத்து, “இது சூடா திங்கிற பண்டம் இல்ல தம்பி. சூடெல்லாம் சூப்புல இருக்கு. ரெண்டு வாய் இது, ஒரு வாய் அதுன்னு மாத்தி மாத்திச் சாப்பிடு” என்றார். அன்றைக்குத்தான் அந்த உணவின் கட்டமைப்பு எனக்குப் புரிந்தது. புளிப்பும் உறைப்பும் பச்சை வெங்காயத்தின் காரமும் நாக்கில் ஏறி நிற்கும் வேளையில், மிளகும் பூண்டும் மணக்கும் இளஞ்சூடான சூப்பு அதை வழித்து இறக்கிவிட, அடுத்த வாய்க்கு நாக்கு மீண்டும் தயாராகிறது. சூப்பில்லாத அத்தோ பாதி உணவுதான்.

அத்தோ என்ற பெயரே பர்மிய மொழியில் கையால் பிசைந்து கலப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வண்டிக்கு முன்னால் நின்று அந்தக் கலவையைப் பார்ப்பது, சாப்பிடுவதற்குச் சமமான இன்பம். ஆரஞ்சு நிறத்தில் தடித்திருக்கும் கோதுமை நூடுல்ஸை ஒரு பிடி எடுத்து அகன்ற பாத்திரத்தில் போடுவார்கள். அதன்மேல் மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், ஒன்றிரண்டாகப் பொடித்த வறுத்த மிளகாய், வறுத்த கடலை மாவு, உப்பு, புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, கொத்தமல்லி என்று ஒவ்வொன்றும் விழும். கடைசியில் பேஜோ என்ற மொறுமொறுப்பான தட்டை போன்ற பண்டத்தை நொறுக்கிப் போட்டு ஐந்து விரலாலும் தூக்கித் தூக்கிக் கலப்பார்கள். அழுத்திப் பிசைந்தால் நூடுல்ஸ் குழைந்துபோகும். மேலோட்டமாகக் கிளறினால் புளித்தண்ணீர் அடியில் தங்கிவிடும். கடலை மாவுதான் இதில் முக்கியமானது. அதுதான் புளியையும் எண்ணெயையும் உறிஞ்சி ஒவ்வோர் இழையிலும் ஒட்ட வைக்கிறது. மாவைக் குறைத்தால் தட்டில் நீர் தேங்கும். கூட்டினால் தொண்டையில் அடைக்கும். நல்ல கடைக்காரர்கள் எதையும் அளந்து போடுவதில்லை. ஆனாலும் நான் தொடர்ந்து போகும் வண்டியில் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட உப்பு கூடியதில்லை.

பேஜோவைக் கலக்கும்போதே போடுவதா, கடைசியில் மேலே தூவுவதா என்பதில் கடைக்குக் கடை வேறுபாடு உண்டு. மேலே தூவித் தரும்படி கேட்பதே என் வழக்கம், ஏனென்றால் கலந்தபின் சில நிமிடங்களிலேயே அது நமத்துவிடுகிறது.

மசாலா முட்டையைத் தவறவிடக் கூடாது. அவித்த முட்டையைக் கீறி, அதற்குள் பொரித்த வெங்காயமும் பூண்டும் மிளகாய்த்தூளும் திணித்து, மேலே புளித்தண்ணீரும் பூண்டெண்ணெயும் விட்டுத் தருவார்கள். முட்டையின் மஞ்சள் கரு வறண்டது. அந்த வறட்சிக்குப் புளித்தண்ணீரைப் போலப் பொருத்தமான துணை வேறில்லை. கடித்துத் தின்னக் கூடாது என்பார் பெரியப்பா. கடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் சட்டையில் சிந்தும் என்பதால், முழு முட்டையையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வதே முறை. சிறுவர்களுக்கு மட்டும் இரண்டாக வெட்டித் தரச் சொல்லலாம்.

அதே வண்டிகளில் கிடைக்கும் மொய்ங்கா இன்னும் கொஞ்சம் விளக்கத்துக்குரியது. பர்மாவில் அது காலை உணவு. மீனை வேகவைத்து உதிர்த்து, வாழைத்தண்டு சேர்த்து, கடலை மாவோ வறுத்த அரிசி மாவோ கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பை அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றுவார்கள். சென்னை வண்டிகளில் நான் சாப்பிட்டவற்றில் மீன் கிடையாது. வாழைத்தண்டு சூப்பையே நூடுல்ஸின்மேல் ஊற்றி, வெங்காயமும் பேஜோவும் போட்டுத் தருகிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களும் நின்று சாப்பிட முடிவது இந்த மாற்றத்தால்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீனின் ஆழம் இல்லாத மொய்ங்காவை மொய்ங்கா என்று சொல்லப் பெரியப்பாவுக்கு இன்றுவரை மனம் வரவில்லை, எனக்கும் அது அத்தோவுக்கு ஒரு படி கீழேயே நிற்கிறது. தேங்காய்ப்பால் சேர்த்த கவ்ஸ்வே என்ற நூடுல்ஸ் சில இடங்களில் கிடைக்கிறது. இதமான உணவுதான் என்றாலும், நம்முடைய சொதியைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அதில் புதிதாக வியக்க ஒன்றுமில்லை.

எனக்குள்ள பெரிய ஏக்கம் வேறொன்று. புளிக்கவைத்த தேயிலையைப் பூண்டோடும் வறுத்த பயறுகளோடும் கலந்து உண்ணும் லபெட் தோ, பர்மியர்களின் விருந்தோம்பலில் முதலிடம் பெறுவது. அத்தோவில் இருக்கும் அதே ‘தோ’ தான் அந்தப் பெயரிலும் இருக்கிறது. செகண்ட் லைன் பீச்சில் நான் கேட்டுப் பார்த்த எந்த வண்டியிலும் அது கிடைக்கவில்லை. அரைத்துப் புளிக்கவைத்த மீன் விழுதான ங்கபியும் அப்படித்தான். கருவாட்டுக் குழம்பை விரும்பிச் சாப்பிடும் இந்த நகரத்தில் ங்கபிக்கு நிச்சயம் ஆள் இருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. யாராவது ஒருவர் துணிந்து செய்து பார்க்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சில வண்டிகளில் நூடுல்ஸின் நிறம் கண்ணை உறுத்தும் அளவுக்கு ஏறிக்கொண்டே போகிறது. அந்தச் செயற்கை நிறத்தால் சுவை ஒன்றும் கூடுவதில்லை. அத்தோ என்ற பெயர் பரவிவிட்டதால் நகரின் பல மூலைகளிலும் கடைகள் முளைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் புளிக்கரைசலுக்குப் பதிலாகத் தக்காளி சாஸும் சோயா சாஸும் ஊற்றிச் சட்டியில் வதக்கித் தந்தார்கள். சூப்பு கேட்டதற்கு, அதெல்லாம் இங்கே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சுடச்சுட வேண்டும் என்கிறவர்களுக்காக முட்டை சேர்த்துக் கல்லில் வதக்கித் தரும் அத்தோ பாரிமுனையிலும் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புளியையும் சூப்பையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது எந்தத் தெருவிலும் கிடைக்கும் நூடுல்ஸ் மட்டுமே, அதற்கு இந்தப் பெயரைச் சூட்டுவது முறையாகாது.

உட்காரப் பெரும்பாலும் இடம் கிடையாது. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும் வண்டியாகப் பார்த்து நிற்பது நல்லது. கைகழுவும் தண்ணீர் ஒரு வாளியில் இருக்கும். குடிநீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். கையுறை போட்டுக் கலக்கும் கடைகளும் இருக்கின்றன, வெறுங்கையால் கலக்கும் கடைகளும் இருக்கின்றன. வெறுங்கை என்றால் தயங்குகிறவர்கள், பணம் வாங்கிப் போட ஒருவரும் கலக்க வேறொருவரும் நிற்கும் வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம், நானும் அதைத்தான் பார்க்கிறேன். கடைசியாக நான் போனபோது ஒரு தட்டு அத்தோவும் மசாலா முட்டையும் சேர்த்து 150 ரூபாய்க்குள் முடிந்துவிட்டன. சாப்பிட்டு முடித்ததும் பன்னீர் சோடா குடிப்பது சிலரின் வழக்கம். எனக்கு அந்த இனிப்பு, நாக்கில் தங்கியிருக்கும் பூண்டு வாசனையைக் கெடுத்துவிடுவதாகத் தோன்றுவதால் வேண்டாம் என்பேன்.

பார்சல் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீடு போய்ச் சேருவதற்குள் முட்டைக்கோஸ் நீர் விட்டு, பேஜோ ஊறி, எல்லாம் ஒரே பதமாகிவிடும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் புளிக்கரைசலையும் பேஜோவையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லி வீட்டில் கலந்துகொள்ளுங்கள். சூப்புக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை, திரும்பச் சூடாக்கினாலும் கெடாது. பெரியப்பாவுக்கு இப்போது எழுபது வயது. முழங்கால் வலியால் அவ்வளவு தூரம் வர முடிவதில்லை என்பதால், நான் போகும்போதெல்லாம் அவர் வீட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துப்போய்ச் சூப்பு வாங்கிவந்து கொடுக்கிறேன். போன மாதம் அப்படிக் கொண்டுபோய் ஊற்றியபோது, ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்து, “பூண்டைக் கொஞ்சம் கருக விட்டுட்டாங்க தம்பி” என்றார். வண்டிக்கு முன்னால் நின்று முதல் வாய் குடித்தபோது நானும் அதையேதான் நினைத்தேன்.